ஏறுபவர் காப்பும் ஏற்றுபவர் கடமையும்

மரத்தின் உச்சியில் காய் தொங்குகிறது. தரையில் அதனை வேண்டுவோர் நிற்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மனிதருடைய உடல் ஏறி இறங்குகிறது. அவ்வுடலைத் தாங்கி நிற்பவை ஒரு கயிறும், ஒரு நார் வளையமும், ஒரு தோற்பட்டையுமே. இளநீர் பருகுவோரும், பனைவெல்லம் உண்போரும், புளி கரைத்துக் குழம்பு கூட்டுவோருமாகிய நம்மில் பெரும்பாலோர் அக்கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. அது புதியதா பழையதா, உறுதியானதா நைந்ததா என்று கேட்டதும் இல்லை. இவ்வாறு கேளாதிருத்தல் அறத்திற்கு ஒத்ததா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

இதனை இரு கூறாக்கிக்கொள்வோம். தம் பாட்டனார் கையாண்ட கருவியை விடுத்து வேறொன்றைத் தேர்ந்துகொள்ளவும், உள்ளதைத் திருத்திக்கொள்ளவும் மரமேறுபவர் முற்படுவது தகுமா என்பது முதற்கூறு. அக்கருவியைப் பற்றிய பொறுப்பு ஏறுபவரோடு முடிந்துவிடுகிறதா, ஏற்றுபவரையும் பற்றுகிறதா என்பது இரண்டாம் கூறு. முதற்கூறு எளியதுபோல் தோன்றும். ஆயினும் அதனுள் வழக்கம், மானம், விதி என்னும் மூன்று முடிச்சுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்த பின்னரே இரண்டாவதற்குச் செல்ல இயலும்.

எல்லைப்புறத்து மரங்கள்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்தது குடிபாலா. 1911 இல் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சென்னை மாநிலத்தினின்று பிரிந்து அதனுடன் சேர்ந்தது. நிலத்தில் விழுந்த கோடு நாவில் விழவில்லை. இவ்வூர்ப்புறங்களில் தமிழும் தெலுங்கும் இன்றும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. மரங்கள் அக்கோட்டை அறியவே மாட்டா. மாவும் தென்னையும் புளியும் பனையும் ஈச்சமரமும் இருபுறத்தும் ஒன்றே.

ஒவ்வொரு மரமும் தனக்குரிய கருவியைக் கேட்கிறது. சித்தூர் மாவட்டத்தின் பெருவிளைவாகிய மாங்காயைப் பறிக்க, நீண்ட கோலின் நுனியில் வெட்டுங்கத்தியும் வலைப்பையும் பொருத்திய தொரட்டி பெரும்பாலும் போதும். அதற்கு எட்டாத கிளைக்கே ஏறவேண்டும். புளியமரத்திலோ கிளைமேல் நின்று கோலால் அடித்து உலுக்குவர். கால் நிற்கும் இடம் உருண்டையானது, கையும் கோலைப் பற்றியிருப்பது. தென்னைக்கும் பனைக்கும் பற்றிக்கொள்ளக் கிளையே இல்லை. தூண்போல் நிமிர்ந்த அடிமரத்தில் உடலை ஒட்டவைத்தே மேலேறவேண்டும். முதிர்ந்த பனை 30 மீட்டர் உயரம் வரையும் வளரும்.

பனையேறுபவரின் கருவிகளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பனைமட்டையின் நாரை உரித்து, முறுக்கி, வளையமாகப் பின்னியது தளைநார். அதனை இரு பாதங்களிலும் மாட்டினால் கால்கள் இரண்டும் ஒரு பெரிய இடுக்கிபோல் மரத்தைக் கவ்வும். வளையம் அகன்றால் கவ்வாது; குறுகினால் கணுக்கால் திரும்பாது. ஆதலின் ஒருவர் தளைநார் மற்றொருவர்க்குப் பொருந்துவது அரிது. சொரசொரப்பான அடிமரத்தில் உராய்ந்து மார்பு புண்ணாகாதிருக்க மார்புத்தோல் உண்டு. பாளை சீவும் அரிவாளும், பாளையை நசுக்கும் மரக்கடிப்பும், சுண்ணாம்பும் இடையில் தொங்கும். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இவற்றுடன் ‘மோகு’ எனப்படும் பெருங்கயிறும் வழக்கில் உள்ளது. அது மரத்தையும் ஏறுபவர் இடுப்பையும் சேர்த்து வளைக்கும். அதில் சாய்ந்து நின்றால் இரு கைகளும் வேலைக்கு விடுபடும்.

இவற்றை எளிய பொருள்கள் என்று இகழ்தல் பேதைமை. இவற்றிற்கு மூன்று நற்குணங்கள் உண்டு. ஏறுபவரே தம் கையால் செய்துகொள்ளலாம். பழுதாயின் அன்றைக்கே திருத்திக்கொள்ளலாம். ஒரு மரத்தினின்று மறு மரத்திற்குக் கணப்பொழுதில் மாறலாம். 20 பனைகளைப் பாளைசீவும் ஒருவர், காலையும் மாலையும் ஏறி இறங்குவதால், நாளொன்றுக்கு 40 முறை ஏறவேண்டியவர் ஆகிறார். அவருக்கு இம்மூன்றாவது குணம் சிறியதன்று.

ஆயினும் இக்கருவிகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஏறுபவர் விழிப்புடன் இருக்கும் வரையே இவை அவரைத் தாங்கும். குளவி கொட்டினாலோ, தலை சுற்றினாலோ, பற்றிய பழைய மட்டை முறிந்தாலோ, மழைக்குப்பின் மரம் வழுக்கினாலோ, கவ்விய கால் நெகிழ்கிறது. கால் நெகிழ்ந்தபோது தளைநாரும் நெகிழ்கிறது. இடைக்கயிறும், உடல் மரத்தோடு சரியும்போது, தானும் உடன் சரிந்து வரும். அதாவது, இவை ஏறுவதற்குத் துணைசெய்யும் கருவிகளே ஒழிய, வீழ்ச்சியைத் தடுக்கும் கருவிகள் ஆகமாட்டா. ஓராயிரம் முறை தவறாது ஏறியவரும் ஒருமுறை தவறினால் மீண்டும் ஏற இயலாதவர் ஆகிறார். முதுகெலும்பு முறிந்து பாயில் கிடக்கும் தந்தையையும், அவர் மருத்துவத்திற்குப் பட்ட கடனையும் பனைநிழலில் வாழும் ஊர்கள் அறியும்.

வழக்கம் என்னும் முடிச்சு

“முன்னோர் இதைக்கொண்டே ஏறினர், நாமும் இதைக்கொண்டே ஏறுவோம்” என்பது வழக்கத்தின் குரல். முன்னோரிடம் மதிப்பு வைப்பது நன்றே. ஆனால் முன்னோர் செய்தது என்ன? வெறுங்காலால் ஏறத் தொடங்கியவர் வழுக்குவதைக் கண்டு தளைநாரைக் கண்டனர். மார்பு புண்ணானதைக் கண்டு தோலைச் சேர்த்தனர். கை ஓய்வதைக் கண்டு இடைக்கயிற்றைச் சுற்றினர். கருவியைத் திருத்துவதே அவர் வழக்கம். அவர் விட்டுச்சென்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் எண்ணிய முறையைக் கைவிடுவோமாயின், அவர்வழி நடந்தோம் என்று எங்ஙனம் கூறுவது?

விநயபிடகத்தைச் சேர்ந்த சுள்ளவக்கத்தில் இதற்கொரு நல்ல சான்று உண்டு. பிக்குகள் இறகின் தண்டையும் மூங்கிற் சிம்பையும் கொண்டு துவராடை தைத்தனர். தையல் செம்மையாக அமையவில்லை. இது பகவன் புத்தருக்குத் தெரிவிக்கப்பட்டபோது ஊசியைக் கையாள இசைந்தார். ஊசி துருப்பிடித்தது, ஊசிக்கூடு வைத்துக்கொள்ள இசைந்தார். கூட்டினுள்ளும் துருப்பிடித்தது, அதனுள் மாவும் கற்பொடியும் பிறவும் இட்டுக் காக்க ஒவ்வொன்றாக இசைந்தார். தைக்கும்போது விரலில் ஊசி குத்திப் புண்ணாயிற்று. விரற்கூடு அணிய இசைந்தார்.

உலகத் துன்பத்தை நீக்கும் வழி கண்ட பெருமான், ஊசித்துருவையும் விரற்புண்ணையும் பற்றி இத்துணை ஆணைகள் இடவேண்டுமோ என்று சிலர் வியக்கலாம். வியப்பிற்கு இடமில்லை. விரலில் குத்தும் ஊசியும் துன்பமே. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்காது பொறுத்திருக்குமாறு அவர் எவருக்கும் கட்டளையிடவில்லை. இங்கே நாம் கருதத்தக்கது அவர் கையாண்ட முறை. கருவியைப் பிடித்தவர் குறையைச் சொன்னார். கேட்டவர் அதனைத் திருத்தினார். திருத்தியதில் மீண்டும் குறை தோன்றியபோது, முன்பே திருத்தியாயிற்றே என்று சினவாது, மீண்டும் திருத்தினார். உலகில் நற்கருவிகள் யாவும் இவ்வழியாலேயே பிறந்தன.

மரமேறுதலைப் பற்றியும் அந்நூலில் ஒரு விதி உண்டு. பிக்குகள் மரமேறலாகாது என்று முதலில் விலக்கப்பட்டது. பின்னர்ப் பிக்கு ஒருவர் வழியில் யானையைக் கண்டு மரத்தடிக்கு ஓடியும், விதிக்கு அஞ்சி ஏறாது நின்றார். யானை வேறுபக்கம் சென்றதால் உயிர் தப்பினார். இதனைக் கேட்ட பகவான், தேவையுள்ளபோது ஆளுயரமும், இடர் நேர்ந்தபோது வேண்டிய உயரமும் ஏறலாம் என்று விதியைத் தளர்த்தினார். உயிருக்கும் விதிக்கும் மோதல் நேர்ந்தபோது விதி அசைந்து கொடுத்தது. விநயமே இவ்வாறு அசையுமாயின், ஒரு தளைநாரைப் பற்றிய வழக்கம் அசையலாகாதென்று கூறுவது பொருந்துமோ?

மானம் என்னும் முடிச்சு

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. இடுப்பில் பட்டை கட்டி ஏறுபவரைத் தோழர் சிலர் எள்ளி நகைப்பர். அச்சமுடையவர்க்கே அது என்பர். நகைப்பிற்கு அஞ்சிப் பட்டையைத் தோப்பு மூலையில் போட்டுவிட்டு ஏறும் இளைஞரும் உண்டு. அச்சத்தை வென்றவர் என்று ஊரார் அவரைப் புகழ்வர். புகழுரைக்குச் செலவில்லை, பட்டைக்குச் செலவுண்டு. ஆதலின் பட்டை வாங்கிக் கொடுக்க மனமில்லாதவரே வீரத்தைப் பெரிதும் புகழ்வதையும் காண்கிறோம்.

பௌத்தம் ‘அப்பமாதம்’ என்னும் சோர்வின்மையை எல்லா நற்குணங்களுக்கும் அடிச்சுவடாகக் கொள்கிறது. யானையின் அடிச்சுவட்டில் ஏனைய விலங்குகளின் சுவடெல்லாம் அடங்குவதுபோல் நற்பண்புகள் யாவும் அதனுள் அடங்கும் என்பது நம்மவர் அறிந்ததே. சோர்வின்மை என்பது அச்சமன்று. ஏறுமுன் நாரை வளைத்துப் பார்ப்பவர், கயிற்றின் முறுக்கைப் பிரித்து உட்புரி நைந்துள்ளதா என நோக்குபவர், ஆளுயரத்தில் நின்று உடற்பாரம் முழுவதையும் சாய்த்துச் சோதித்த பின் மேலேறுபவர், இவரே உண்மையில் தம் தொழிலை அறிந்தவர். அவர் காப்பது தம் உயிரை மட்டுமன்று. தம் வருவாயை நம்பி அடுப்பு மூட்டும் மனைவி மக்களையும் அவர் காக்கிறார். அதனைக் கோழைத்தனம் என்பவர் அவர் வீட்டு அடுப்பைப் பற்றி எண்ணாதவர்.

விதி என்னும் முடிச்சு

மூன்றாவது முடிச்சு நம்மவரிடையேயும் காணப்படுவது. மரத்தினின்று ஒருவர் விழுந்தால், “அவர் கருமம் அவ்வளவுதான்” என்று கூறி அகல்வோர் உளர். கருமம் என்னும் சொல்லைப் பௌத்தர் கையாள்வதால், நம் கொள்கையும் இதுவே என்று பிறர் கருதவும் நேர்கிறது. ஆகையால் இதனைத் தெளிவாக்குதல் நம் கடமை.

சீவகன் என்னும் பரிவிராசகர் ஒருவர் இதே வினாவைப் பகவானிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. மனிதர் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்பார் உளரே, அது மெய்யோ என்று அவர் வினவினார். பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், பேணாத நடை, பிறர் செய்யும் ஊறு ஆகியவற்றாலும் துன்பம் தோன்றுகிறதென்றும், வினைப்பயன் இவ்வெட்டில் ஒன்றே என்றும், யாவற்றையும் முன்வினைமேல் ஏற்றுவோர் கண்கூடான உண்மையைக் கடந்து செல்கின்றனர் என்றும் விளக்கினார்.

இப்பட்டியலைக் கையிற்கொண்டு மரத்தடியில் நின்று பார்ப்போம். வெயிலில் தலைசுற்றி விழுந்தால் அது பித்தத்தையும் பருவத்தையும் சேர்ந்தது. மழை ஓய்ந்த உடனே வழுக்குமரத்தில் ஏறி விழுந்தால் அது பேணாமையைச் சேர்ந்தது. நைந்த கயிறென்று அறிந்தும் “இந்த ஒரு மரத்திற்கு மட்டும் ஏறிவிடு” என்று ஏற்றி விழச்செய்தால் அது பிறர் செய்த ஊறல்லவா? இத்தனை காரணங்களும் கண்முன் நிற்க, கண்ணுக்குத் தோன்றாத முற்பிறவியைத் துணைக்கழைப்பது யாருக்கு வசதி? கயிறு வாங்கவேண்டியவருக்கே வசதி. வினை என்னும் கொள்கை நம்மைச் செயலுக்குப் பொறுப்பாளிகளாக்க வந்தது. பொறுப்பினின்று தப்புவிக்க வந்ததன்று.

தேர்வு செய்பவர் யார்?

முடிச்சுகள் மூன்றும் நெகிழ்ந்தபின், எக்கருவியைத் தேர்வது என்னும் வினா எழுகிறது. அண்டை நாட்டார் செய்துள்ள சில முயற்சிகள் நமக்குப் பாடமாகும்.

கேரளத்துக் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப் என்பவர் தென்னை ஏறும் பொறி ஒன்றை அமைத்தார். காலுக்கொன்றாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பிக்கயிறு. மிதித்தால் உடற்பாரமே கயிற்றை இறுக்கி மரத்தைக் கவ்வச்செய்யும். காலைத் தூக்கினால் நெகிழும். படியேறுவதுபோல் மாறிமாறி மிதித்து மேலே செல்லலாம். தென்னை ஏறுவோர் அருகிவந்த நிலையில், தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இல் ‘தென்னைமர நண்பர்கள்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, ஆண்களும் பெண்களுமாகப் பலர்க்கு இத்தகைய பொறியில் ஏறப் பயிற்சியளித்துப் பொறியையும் காப்பீட்டையும் வழங்கியது. அடுத்துத் தெலங்கானா அரசு 2024 ஜூலையில், மலையேறுவோர் கையாளும் பட்டை, கயிறு, கொளுவி முதலியவற்றைத் தழுவிய காப்புக்கருவித் தொகுதி ஒன்றைக் கள்ளிறக்கும் தொழிலாளர்க்கு வழங்கத் தொடங்கியது. அத்தொழிலாளர் வழிபடும் தெய்வத்தின் பெயரால் அதற்குக் ‘காட்டமய்யா ரட்சணக் கவசம்’ என்று பெயரிட்டனர். காக்கவேண்டும் என்று வேண்டிய தெய்வத்தின் பெயர் இன்று காக்கும் பட்டைமேல் எழுதப்பட்டுள்ளது. இதில் எள்ளுதற்கு ஒன்றுமில்லை. வேண்டுதல் செயலாகியது என மகிழ்வதே தகும்.

செம்பேரிப் பொறியின் வருகையால் விளைந்த மற்றொரு நன்மையையும் இங்கே கூறவேண்டும். மரமேறுதல் நெடுங்காலமாகச் சில குலத்தார்க்கே உரிய தொழிலென ஒதுக்கப்பட்டது. அவர் ஏறுவதால் ஏனையோர் ஏறவேண்டியதில்லை. ஏனையோர் ஏறாததால் அவர் படும் பாட்டை எவரும் அறியவில்லை. கருவியை விலைகொடுத்து வாங்கும் ஆற்றலுடையவர் அதனைக் காலில் மாட்டவில்லை. காலில் மாட்டியவரிடம் விலைகொடுக்கும் ஆற்றலில்லை. பிறப்பின்மேல் சுமத்தப்பட்ட தொழில்களில் கருவிகள் நூற்றாண்டுகளாக மாறாமல் கிடப்பதன் காரணம் இதுவே. பிற குலத்தாரும் பெண்களும் பயிற்சிபெற்று ஏறத் தொடங்கிய இடங்களில், தொழில் பிறப்பினின்று விடுபட்டுக் கற்றுத்தேறும் கலையாகிறது. தொழிலை இழிவென்றவரின் வாயும் அடங்குகிறது.

எனினும் புதியது யாவும் நல்லதென்று கொள்ளுதலும் கண்மூடித்தனமே. இரும்புச்சட்டப் பொறி வழவழப்பான தென்னைக்கு ஏற்றது. பழைய மட்டைகளின் அடிகள் அடர்ந்து நிற்கும் பனைக்கு அத்துணை ஏற்றதன்று. ஒரு மரத்தினின்று கழற்றி மறு மரத்தில் மாட்டப் பொழுது செல்லும். நைலான் கயிறு மழையில் மட்காது. ஆனால் வெயிலில் மெல்ல வலுவிழக்கும், உராய்வின் சூட்டில் உருகும். கம்பிக்கயிறு உறைக்குள் இழையிழையாக அறுந்தாலும் வெளியே தெரியாது. இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, வீழ்ச்சியை நிறுத்தினாலும், அந்த அதிர்ச்சி முழுவதையும் வயிற்றிலும் முதுகிலும் இறக்கிவிடும். தோளையும் தொடையையும் சேர்த்து அணையும் முழுப்பட்டை அவ்வதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ளும். நீண்ட தொரட்டியை இரும்பிலோ அலுமினியத்திலோ செய்தால் மின்கம்பி அருகில் அதுவே எமனாகும்.

ஆதலின் தேர்வுக்குச் சில அளவைகள் வேண்டும். ஏறாமலே பறிக்க வழியுண்டா என்பது முதலளவை. குட்டைத் தென்னையும் நீண்ட கோலும் தரும் காப்பை எந்தப் பட்டையும் தரமாட்டாது. ஏறியே தீரவேண்டுமாயின், ஒரு பிடி தவறும்போது தாங்கிக்கொள்ள மற்றொரு பிடி தனியே உண்டா? தேய்மானம் கண்ணுக்குப் புலப்படுமா? பழுதுற்றால் சித்தூர்ச் சந்தையிலோ வேலூர்ச் சந்தையிலோ உறுப்பு கிடைக்குமா? இம்மரத்திற்கும் இவ்வுடலுக்கும் பொருந்துமா? இக்கேள்விகளுக்கு விடை கூறத்தக்கவர் யார்? மேசையருகே அமர்ந்து கருவி வழங்குவோர் அல்லர். அதனை மாட்டி ஏறுபவரே. அவரைக் கேளாமல் வழங்கப்பெற்ற கருவி ஆணியில் தொங்கித் துருப்பிடிக்கும். அப்போது, “கொடுத்தாலும் இவர்கள் அணிவதில்லை” என்று அவர்மேலேயே பழி வரும். ஊசியைப் பிடித்தவர் குறையைக் கேட்ட பின்னரே ஊசிக்கூடு பிறந்தது என்பதை மறத்தல் கூடாது.

கழைக்கூத்தரும் மாணவியும்

இனி இரண்டாம் கூறு. பொறுப்பு யாருடையது?

சும்பர் நாட்டுச் சேதகம் என்னும் ஊரில் பகவான் கூறிய கதை ஒன்று சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. கழைக்கூத்தர் ஒருவர் மூங்கிற்கழையை நிறுத்தி, தம் மாணவியாகிய மேதகதாலிகையைத் தம் தோள்மேல் ஏறி நிற்கச் செய்தார். ஒருவரை மற்றவர் காத்துக்கொள்வோம். அங்ஙனம் வித்தை காட்டிப் பொருள் பெற்றுப் பழுதின்றி இறங்குவோம் என்றார் ஆசான். மாணவி அதற்கு இசையவில்லை. ஆசான் தம்மைக் காத்துக்கொள்ளட்டும், தான் தன்னைக் காத்துக்கொள்வேன், அதுவே இருவரும் நலமாக இறங்கும் வழி என்றாள். மாணவி கூறியதே முறையெனக் கொண்ட பகவான், அதனை மேலும் விரித்தார். தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான்; பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான்; தன்னைக் காத்தல் இடைவிடாப் பயிற்சியால் ஆவது; பிறரைக் காத்தல் பொறையாலும் தீங்கு செய்யாமையாலும் அன்பாலும் இரக்கத்தாலும் ஆவது என்பது அவர் அறிவுறுத்திய பொருள்.

மேலோட்டமாகப் படிப்போர் மாணவியின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, “ஏறுபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன” என்று கூறிவிடலாம். ஆனால் அவ்வாறு கூறியவள் கழையின்மேல் நின்றவள். கீழே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர். அவள் கூறியதும் ஆசானின் கால் உறுதியாக நிற்கும் என்பதைக் கொண்டே. கீழ் நிற்பவர் தம் நிலையை இழந்தால் மேல் நிற்பவரின் திறமை எதற்கும் உதவாது. ஆகவே அக்கதையில் இருவர் உளர், இருவர்க்கும் கடமை உண்டு.

இதன் உண்மையை இன்றைய காப்புக்கருவியே மெய்ப்பிக்கிறது. முழுப்பட்டை அணிந்தவர் தவறிவிழுந்தால் கயிறு அவரைத் தடுத்து நிறுத்தும். ஆனால் அசைவின்றி நெடுநேரம் பட்டையில் தொங்கினால், கால்களில் குருதி தேங்கி, இதயத்திற்குத் திரும்பும் ஓட்டம் குறைந்து, உயிருக்கே இடர் நேரும். விழாமல் காத்த பட்டையினின்று விரைவில் இறக்குவதற்கு ஒருவர் கீழே இருத்தல் வேண்டும். எவ்வளவு சிறந்த கருவியாயினும், துணையாள் ஒருவர் இல்லாவிடில் அது அரைக்கருவியே.

சிகாலன் என்னும் இல்லறத்தாருக்குப் பகவான் உரைத்த அறவுரையில், வேலைவாங்குவோர்க்குரிய ஐந்து கடமைகள் கூறப்பட்டுள்ளன. வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், சுவையுள்ளவற்றைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பன அவை. மரத்திற்கு இவ்வளவென்று கூலி பேசி, எத்தனை மரம் ஏறினாரோ அத்தனைக்கே கொடுத்து அனுப்பும் நம் வழக்கத்தை இவ்வைந்துடன் ஒத்துப் பாருங்கள். மரக்கணக்கில் கூலி பெறுபவர், பட்டையை மாட்டவும் கழற்றவும் செல்லும் பொழுதைத் தம் கூலியினின்றே கொடுக்கிறார். காப்பைத் தேடினால் வருவாய் குறையும். வருவாயைத் தேடினால் காப்பு குறையும். இந்த இக்கட்டில் அவரை நிறுத்தியவர் நாம். நிறுத்திவிட்டு, அவர் பட்டை அணியவில்லை என்று குறைகூறுவது நேர்மையாகாது. பட்டைக்குரிய விலையும், அதனை அணியும் பொழுதிற்குரிய கூலியும் காயின் விலையோடு சேர்ந்தவை. அவற்றைக் கொடாமல் வாங்கிய இளநீர் முழு விலை கொடுத்து வாங்கியதன்று.

கள்ளைப் பற்றிய ஐயம்

நம் உபாசகர் சிலர்க்கு ஓர் ஐயம் தோன்றும். மயக்கப்பொருள் விற்றல் இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐந்து வாணிகங்களுள் ஒன்றாயிற்றே. கள்ளிறக்குபவருக்குக் காப்புப்பட்டை வேண்டுமென்பது அவ்வாணிகத்திற்குத் துணைபோவதாகாதோ என்பது அது.

இவ்வையத்திற்குக் குடிபாலா அருகிலுள்ள எல்லைக்கோடே விடை கூறும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளிறக்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆந்திரத்தில் உரிமம் பெற்று இறக்கலாம். அதே பனை, அதே பாளை, அதே தளைநார். கோட்டின் ஒருபுறம் குற்றம், மறுபுறம் தொழில். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் ஊறுவது இனிய பதநீர், காய்ச்சினால் வெல்லம். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள். சட்டம் கோட்டைப் பார்த்து மாறும். சாறு சுண்ணாம்பைப் பார்த்து மாறும். வீழ்ச்சியோ எதனையும் பார்ப்பதில்லை. பதநீர் இறக்கியவருக்கும் கள்ளிறக்கியவருக்கும் எலும்பு ஒன்றுபோலவே முறியும்.

மயக்கப்பொருளை விலக்குமாறு கூறும் ஐந்தாம் சீலத்தை நாம் கைவிடவில்லை, கைவிடவும் மாட்டோம். ஆனால் ஐந்தாம் சீலத்திற்கு முன் முதற்சீலம் நிற்கிறது. உயிருக்கு ஊறு நேராமையை விரும்பும் மனம், இவருடைய உயிரா அவருடைய உயிரா என்று தேர்ந்தெடுப்பதில்லை. ஒருவர் தொழிலை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று நாம் விரும்பினால், அவர் உயிரோடிருத்தல் அதற்கு முதல் நிபந்தனை. கள்ளினின்று பதநீருக்கும் வெல்லத்திற்கும் அவர் மாற வழிகாட்டுவோம். மாறும் வரையும், மாறாவிடினும், அவர் கயிறு உறுதியாயிருக்கவே விரும்புவோம். நல்லொழுக்கத்திற்குப் பரிசாகத் தரும் பொருளன்று உயிர்க்காப்பு.

நாம் செய்யத்தக்கவை

ஆராய்ச்சி செயலில் முடியாவிடின் பயனில்லை. தோப்புடையோரும், வீட்டில் இரண்டு தென்னை உடையோரும், சங்கத்தாரும் செய்யக்கூடியவை பெரிய செயல்கள் அல்ல. மரமேற வருபவரிடம் கூலி பேசுமுன் அவர் கயிற்றைப் பற்றிப் பேசுவோம். நைந்திருந்தால் அன்று ஏற்றாது, புதியது வாங்கத் துணைசெய்வோம். மழை பெய்து மரம் உலரும் முன்பும், பெருங்காற்றிலும், உச்சிவெயிலிலும் ஏறுமாறு வற்புறுத்தோம். ஏறும் நேரத்தில் மரத்தடியை விட்டு அகலாது ஒருவர் நிற்போம். மரத்தில் குளவிக்கூடோ அருகில் மின்கம்பியோ உண்டா என்று முன்னரே பார்த்துச் சொல்வோம். நான்கைந்து வீட்டார் சேர்ந்தால் ஒரு முழுப்பட்டையும் நல்ல கயிறும் ஊர்ப்பொதுவில் வாங்கி வைக்கலாம். எதனை வாங்குவதென்று ஏறுபவரைக் கேட்டே வாங்குவோம். ஒரு பருவம் கழிந்தபின் அதில் என்ன குறையென்று மீண்டும் கேட்போம்.

இவற்றைச் செய்வதால் ஏறுபவருக்கு நாம் பேருதவி புரிந்துவிட்டதாக எண்ணவேண்டியதில்லை. அவர் இத்தனை காலம் வெறும் நாரை நம்பி ஏறி நமக்கு அளித்தவற்றிற்கு இது மிகச் சிறிய ஈடே ஆகும். தன்னைக் காப்பதும் பிறரைக் காப்பதும் ஒன்றே என்று சேதகத்தில் உரைக்கப்பட்ட உண்மையை நாம் அறிந்தோமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. இனி இளநீரைக் கையில் வாங்கும்போது, அதனை இறக்கியவர் எதனைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் என்று நம் நாக்கு கேட்குமாயின், நாம் சிறிதேனும் அறிந்தவராவோம்.